இரவு கரண்டுக்கு அணு உலையா, காற்றும் வெயிலுமா?

ஓசூர் பட்டறைக்காரர்:
கூடங்குளத்தில் 3, 4-வது உலைகளுக்கான வேலையை நிறுத்த வேண்டும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். 2012-இல் நாம் பட்ட பாடு அவருக்கு நினைவில்லை போலிருக்கிறது. நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடைகிற சி.என்.சி. மெஷினில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டூல் உடையும், அந்தப் பீஸும் வீண், ஜெனரேட்டர் போட்டு ஓட்டினாலோ வருகிற கூலி டீசலுக்கே சரியாகிவிடும். நைட் ஷிப்டுக்கு வெயில் வராது. ஓர் உலை 1000 மெகாவாட், ஓடும்வரை இரவும் பகலும் ஒரே அளவு.

பாலக்கோடு விவசாயி:
அண்ணா, எங்களுக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. ராத்திரி முறை வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் பாம்புக்குப் பயந்து நடந்து போய் மோட்டார் போட வேண்டும். சோலார் பம்பு வைத்தவர்கள் பகலிலேயே பாய்ச்சி முடித்துவிடுகிறார்கள், அந்த லோடு மொத்தமும் லைனிலிருந்து குறைகிறது. அப்புறம் காற்றாலையைப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை கன்னியாகுமரிப் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நல்ல காற்று, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் ஓடுவதும் அந்த சீசனில்தானே?

ஓசூர் பட்டறைக்காரர்:
சரி, அக்டோபருக்கு அப்புறம்?

அரூர் டீச்சர்:
இரண்டு பேரும் நமக்கு எப்போது கரண்ட் வேண்டும் என்றே பேசுகிறீர்கள். ஆபத்து யார் தலையில் விழும்? கூடங்குளத்துக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரையின் மீனவர்கள் 2011-இல் உட்கார்ந்து போராடியதற்குக் காரணம் இருந்தது. அந்த வருடம் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் உலைகள் தானாக நின்றுவிட்டன, ஆனால் நின்ற உலையையும் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டுமே, அதற்கு வைத்திருந்த டீசல் ஜெனரேட்டர்களைச் சுனாமி மூழ்கடித்ததால்தான் எரிபொருள் உருகியது. ஒரு லட்சத்துக்கும் மேலானவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். கழிவில் இருக்கிற புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 வருடம் ஆகும்.

ஓசூர் பட்டறைக்காரர்:
டீச்சர், 2004 சுனாமியில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்பு ஹவுஸுக்குள்ளேயே கடல்நீர் புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். அதையும் சொல்லுங்கள். நமக்குப் பக்கத்தில் மேட்டூரில் எரிகிற நிலக்கரியின் புகையையும் சாம்பலையும் தினமும் சுவாசிக்கிறவர்களுக்காக யாராவது போராடினோமா? அணு உலை வேண்டாம் என்றால் ராத்திரியில் அந்த இடத்துக்கு வருவது நிலக்கரிதான்.

அரூர் டீச்சர்:
நிலக்கரி கெடுதல் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கல்பாக்கத்தில் தப்பித்தோம், அதை வைத்து இடிந்தகரைக்காரரிடம் பயப்படாதே என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் சோலாரையும் சும்மா புகழாதீர்கள். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் போகும், அந்தக் கரண்டைக் கொண்டுபோக உயர்மின் கோபுரம் மறுபடி நம் பக்கத்து விவசாயி நிலத்தில்தான் நிற்கும்.

பாலக்கோடு விவசாயி:
அதனால்தான் கிணற்றடியிலும் கூரையிலும் போடச் சொல்கிறேன், அதற்குக் கோபுரம் வேண்டாம். கூரைக்கு 3 கிலோவாட் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. ராத்திரிக்கு வழி கேட்டீர்களே அண்ணா, கோவைப் பக்கம் காடம்பாறையில் மிச்சக் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கிற நிலையம் கட்டி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதைப் போல இன்னும் நாலு கட்டச் சொல்லிக் கேட்போம், உலைக்குப் போகிற பணத்தில் ஒரு பங்கு இதற்கு வரட்டும்.

ஓசூர் பட்டறைக்காரர்:
கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த நிலையங்களைக் கட்டி முடிக்கிற வரைக்கும் 3, 4-ஐ நிறுத்தச் சொல்லாதீர்கள். என் பட்டறையில் ராத்திரி வேலை செய்கிற பையன்களுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.