மின்சுற்றுப் பாடம்: வீடியோ முதலில் வரணுமா, பல்பு முதலில் வரணுமா?

தண்டையார்பேட்டை அறிவியல்:
ஏழாம் வகுப்பு, 44 பிள்ளைகள். தொடரிணைப்பும் (பல்புகள் ஒரே வரிசையில்) பக்க இணைப்பும் (ஒவ்வொரு பல்புக்கும் தனிப் பாதை) நடத்த 2 பாடவேளைதான் இருக்கு. ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர்; நெட் வந்தால் உண்டு. புத்தகத்தின் கியூஆர் கோடு வீடியோ, ஃபெட் (PhET) சிமுலேஷன், அதாவது திரையிலேயே சுற்று இணைத்துப் பார்ப்பது, நிஜ பல்பு-செல் மூன்றும் கைவசம். எதை எப்போது எடுக்கலாம்? "முதல் பல்பு கரண்ட்டைத் தின்னுடும், ரெண்டாவதுக்குக் கொஞ்சம்தான் போகும்" என்று பாதி வகுப்பு நம்புகிறது.

செல்லும் பல்பும்:
அந்தக் கடைசி வரிதான் விடை டீச்சர். பிள்ளைகளின் தவறான எண்ணம் எதுவோ அதை உடைக்கும் பொருளை முதலில் எடுங்கள். இங்கே அது நிஜ பல்பு. வீடியோவை முதலில் போட்டால் "சரி" என்று தலையாட்டிவிட்டு, பழைய எண்ணத்தையே வைத்திருப்பார்கள்.

நாலு பேர் வீதம் 11 குழு. குழுவுக்கு டார்ச்சுக்குப் போடும் பெரிய செல் 2, 2.5 வோல்ட் டார்ச் பல்பு 2, ஹோல்டர் 2, 20 செ.மீ. வயர் 5 துண்டு. மொத்தம் 22 செல், 11 மீட்டர் வயர். பல்பு மட்டும் 26 வாங்குங்கள், நாலு ஃபியூஸ் போகும். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எல்லாம் கிடைக்கும். பல்பு எல்லாம் ஒரே வோல்ட், ஒரே ஆம்பியர் எழுதியதாக இருக்கணும். கலந்துவிட்டால் ஒன்று மங்கலாக எரியும். பிள்ளைகளின் தப்புக்கு நாமே சாட்சி கொடுத்த மாதிரி ஆகிவிடும்!

இரண்டு பல்பையும் தொடராக இணைப்பதற்கு முன், எந்த பல்பு அதிகமாக எரியும் என்று நோட்டில் எழுத வைங்கள். எழுதாமல் செய்தால், பார்த்ததையே "முன்னமே தெரியும்" என்பார்கள்.

செல்லின் இரு முனையையும் ஒரே வயரால் நேராகச் சேர்த்தால் சூடாகும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆல்கலைன், ரீசார்ஜ் செல் வேண்டாம்; அவை ஷார்ட் ஆனால் இன்னும் வேகமாகச் சூடேறும். நம் பக்கம் கடற்காற்றில் ஹோல்டர் முனை உப்புப் பூத்துவிடும். பல்பு எரியாததற்குப் பாதி நேரம் அதுதான் காரணம். உப்புத்தாளால் தேய்த்து, மூடும் டப்பாவில் வையுங்கள்.

லேப்டாப் பக்கம்:
இரண்டாம் பாடவேளைக்கு சிமுலேஷன். ஆஃப்லைன் பதிப்பை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். அதில் எலக்ட்ரான், மரபு மின்னோட்டம் என்று இரண்டு தேர்வு உண்டு. புத்தகம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு அம்பு போட்டால் மரபு மின்னோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். எலக்ட்ரானை விட்டால் திசை தலைகீழாகி, பாடமே வேறு பக்கம் போய்விடும்.

வீடியோவை அரசின் பாடச் செயலியான தீக்‌ஷாவில் முன்னதாகவே டவுன்லோடு செய்து, 3 நிமிடம் மட்டும் வெட்டி, இரண்டு இடத்தில் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். புரொஜெக்டருக்குப் போகும் விஜிஏ கேபிளில் படம் மட்டும் வரும், சத்தம் வராது. ஸ்பீக்கருக்குத் தனி வயர் வேண்டும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் செய்த ஸ்லைடு வேறு கணினியில் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும். பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டை அறிவியல்:
ஒரே மாதிரி பல்பு வாங்கியும் ஒன்று கொஞ்சம் பிரகாசமாக எரிந்தால்?

செல்லும் பல்பும்:
எரியும், ஒரே பெட்டியிலும் இழை சற்று மாறும். இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். பிரகாசம் பல்போடு நகர்ந்தால் வித்தியாசம் பல்பில். இடத்திலேயே நின்றால்தான் "முதல் பல்பு தின்னுது" என்பதற்கு ஆதாரம். அது நிற்காது.

கூடவே மின்னோட்டம் அளக்கும் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி, முதல் பல்புக்கு முன், இரண்டுக்கும் நடுவில், கடைசியில் என மூன்று இடத்திலும் தொடராக வைத்து அளக்கட்டும்; முதல் பல்பு கரண்ட்டைத் தின்னவில்லை என்று அவர்களே பார்ப்பார்கள். செல்லின் இரு முனையில் நேராக வைக்காமல் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மில்லிஆம்பியர் துளையில் அப்படி வைத்தால் உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும்.