‘நீங்களாகவே விலகுவதாக எழுதிக் கொடுங்கள்’

வைகைக்கரை:

கொரோனாவால் இரண்டு வருடம் நின்றுபோன சித்திரைத் திருவிழா மறுபடியும் நடந்த வருடம், 2022. அழகர் ஆற்றில் இறங்கிய மறுவாரம் கடை மேலாளர் என்னைக் கணக்கு அறைக்குக் கூப்பிட்டார். புடவைப் பிரிவில் நின்று நின்று எனக்குக் கால் வீங்கியிருந்தது. ஊக்கத்தொகை ஏதாவது தரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். மேசைமேல் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் இருந்தன. “சொந்தக் காரணத்தால் வேலையிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடும்மா. ஒரு மாதச் சம்பளத்தை இன்றைக்கே வாங்கிக்கொள்” என்றார்.

எனக்குச் சொந்தக் காரணம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். துணிச்சல் ஒன்றுமில்லை, அழுகை வந்துவிட்டது, அதனால் எழுதவில்லை. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில், “நாளை முதல் வர வேண்டாம்” என்று செய்தி வந்தது.

எங்கள் தெருவில் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார், பழைய சங்கத்துக்காரர். நான் சொல்லி முடிப்பதற்குள், “கையெழுத்துப் போட்டாயா?” என்று கேட்டார். இல்லை என்றதும்தான் உட்காரச் சொன்னார். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 41-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். ஒழுங்கீனம் என்று சொன்னால் விசாரணை நடத்தி நிரூபித்திருக்க வேண்டும். நீக்கியதை எதிர்த்துத் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். ஆனால் நாமே விலகல் கடிதம் கொடுத்துவிட்டால் நீக்கம் என்பதே நடக்கவில்லை, எதை எதிர்த்து முறையிடுவது? அந்த வெள்ளைத்தாளின் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நீக்கத்துக்குக் காரணம் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். “தாங்களாகவே வேலைக்கு வரவில்லை” என்று பதில் வந்தது. தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்தேன். அங்கே நடந்த விசாரணையில் இன்னும் ஒரு படி மேலே போய், நான் சேர்ந்தே நான்கு வருடம்தான் ஆகிறது என்றார்கள். நான் சேர்ந்தது 2014 ஆகஸ்டில். அன்றைக்குக் கொடுத்த இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டு) அட்டையை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். அதுவும் அந்த வாட்ஸ்அப் செய்தியும்தான் என் சாட்சிகள். கூட வேலை பார்த்தவர்கள் யாரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது.

பதினான்கு மாதம், எத்தனை வாய்தா என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கடைசியில் சமரசத்துக்கு வந்தார்கள்: முன்னறிவிப்புச் சம்பளம், அனுபவச் சான்றிதழ், பணிக்கொடை (கிராஜுவிட்டி, வேலை பார்த்த வருடங்களுக்காக வேலையை விட்டுப் போகும்போது தரும் தொகை). பணிக்கொடைக் கணக்கு இப்படி: கடைசி அடிப்படைச் சம்பளம் 13,000. அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 7,500. ஏழு வருடம் எட்டு மாதம் வேலை பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள், ஆகவே எட்டு வருடம், 60,000 ரூபாய். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் கடைக்குள் மறுபடி போய் நிற்க எனக்கும் மனமில்லை. (‘நிற்க’ என்றுதான் சொல்ல வேண்டும். ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இலேயே இதே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். எங்கள் பிரிவில் பதினொரு பேருக்கு ஒரே ஒரு முக்காலி, அதிலும் எப்போதும் புடவைக் கட்டு.)

திருப்பூர் கட்டிங் மாஸ்டர்:

அக்கா, இ.எஸ்.ஐ. அட்டை இருந்தும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’ என்று வாயில் நுழையாத பெயரில் ஒரு மத்தியத் திட்டம் இருக்கிறது. வேலை போனால் சராசரி தினச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை தருவார்கள், ஆயுளுக்கு ஒருமுறை மட்டும். 2018-இல் தொடங்கியபோது கால் பங்குதான், 2020-இல் பாதியாக்கினார்கள். 2021-இல் எங்கள் பனியன் கம்பெனி மூடியபோது தினம் 225 வீதம் 20,250 ரூபாய் என் வங்கிக் கணக்கில் விழுந்தது. மூன்று மாத வாடகைக்கும் அரிசிக்கும் ஆயிற்று. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்களுக்கு இது கிடையாது.

வைகைக்கரை:

அன்றைக்கு இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை தம்பி. அந்த மூன்று மாதமும் கம்மலை அடகு வைத்துத்தான் ஓட்டினேன்.

தாமிரபரணி:

மாநில அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகையை நம்பி யாரும் வேலையை விட வேண்டாம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். பட்டதாரிக்கு மாதம் 600, பத்தாம் வகுப்பு தேறியவருக்கு 300. எனக்குக் காலாண்டுக்கு ஒருமுறை 1,800 வந்தது. தேர்வு எழுதச் சென்னைக்குப் போய்வரும் செலவுக்குச் சரியாக இருந்தது.

சேலத்துக்காரி:

நான் போன மாதமே எழுதிக் கொடுத்துவிட்டேன் அக்கா. ஆறு வருடம் வேலை பார்த்தேன். எல்லாம் போயிற்றா?

வைகைக்கரை:

இல்லையம்மா. பணிக்கொடை போகவில்லை. ஐந்து வருடம் முடித்திருந்தால், நீயாக விலகினாலும் அவர்கள் நீக்கினாலும் அது உன் பணம். கடையில் பத்துப் பேராவது வேலை பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் முதலாளிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடு, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பு. 30 நாள் பார்த்துவிட்டுத் தொழிலாளர் துறைக்குப் போ. உன் இ.எஸ்.ஐ. அட்டை எங்கே இருக்கிறது?