ஜி.யு.இ. ஃபண்டமென்டல்ஸ் பயிற்சிக்கு முன் எதைப் பழகுவது, எதை விட்டுவைப்பது?

நொய்யல்கரை (திருப்பூர்):

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் ஸ்கூபா கற்றபின் பல ஆண்டுகளாக அந்தமானிலும் கர்நாடகக் கடலில் உள்ள நேத்ராணித் தீவிலும் இறங்கி வருகிறேன். ரெஸ்க்யூ (மீட்பு), நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) சான்றிதழ்கள் உள்ளன. தை மாதம் தாய்லாந்தில் ஜி.யு.இ. (Global Underwater Explorers) என்ற ஸ்கூபா அமைப்பின் ஃபண்டமென்டல்ஸ் எனும் அடிப்படைத் திறன் பயிற்சியில் சேரவிருக்கிறேன். நெடுநாள் அனுபவமுள்ளவர்களும் அதில் திணறுவதாகக் கேள்விப்படுவதால், முன்கூட்டியே காணொளிகளைப் பார்த்து, சிலிண்டர் வால்வுகளை வரிசையாக மூடித் திறக்கும் வால்வு பயிற்சியையும் பின்னோக்கி உதைப்பதையும் பழகிக்கொண்டு போகலாமா? கடல் நமக்கு வெகு தூரம். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஐப்பசி மழைக்குப் பின் நல்ல ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். அதில் சிலிண்டருடன் இறங்கிப் பழகலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பீளமேட்டுக்காரன்:

கிணறு வேண்டாம். கலங்கினால் கைகூடத் தெரியாது. ஏறுவதற்குச் சுவரில் துருத்தி நிற்கும் கற்படிகள்தாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே மோட்டாரும் மின்கம்பியும் தொங்கிக்கொண்டிருக்கும். 25 மீட்டர் நீச்சல் குளம் ஒன்றைப் பிடியுங்கள். இடையில் நிற்காமல் 275 மீட்டரை 14 நிமிடத்துக்குள் நீந்திக் காட்ட வேண்டும் என்பது பயிற்சியின் நிபந்தனை, அதாவது அக்குளத்தில் சரியாகப் பதினொரு நீளம். மூச்சடக்கி நீருக்கடியில் 15 மீட்டர் கடப்பதும் உண்டு. அதைத் துணையின்றிப் பழகவே கூடாது. புகைப்பவரை இவர்கள் சேர்ப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பலர் திணறுவதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று, பழைய பழக்கம். நம்மில் பெரும்பாலோர் தலை மேலும் கால் கீழுமாகச் சாய்ந்து, கைகளைத் துழாவி, மூழ்குவதற்கான ஈய எடையைத் தேவைக்கு அதிகமாகக் கட்டிக்கொண்டு நீந்தியே ஆண்டுகளைக் கழித்திருக்கிறோம். மீன் பார்க்க அது போதும். இங்கோ உடலைக் கிடைமட்டமாக வைத்து, குறித்த ஆழத்தை விட்டு அதிகம் ஏறாமலும் இறங்காமலும் நின்றபடியே முகமூடியைக் கழற்றி மாட்டவும், வாயிலுள்ள ரெகுலேட்டரையே (மூச்சுக் கருவி) தோழருக்குக் கொடுக்கவும் வேண்டும். மஞ்சள் ஆக்டோபஸை (உபரி ரெகுலேட்டர்) நீட்டிப் பழகிய கைக்கு அந்தக் கடைசிச் செயல் எளிதில் வருவதில்லை.

ஆகவே வால்வு பயிற்சியைக் காணொளி பார்த்துத் தனியாகச் செய்யாதீர்கள். வரிசை தவறாகப் படிந்துவிட்டால் பயிற்சியாளர் முதலில் அதை அழிக்க வேண்டியிருக்கும். தவறான குமிழைத் திருகினால் காற்றே நின்றுவிடும். தவளை உதையை மட்டும் கரையில் பழகலாம். கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்து, தொடையைத் தாழ்த்தாமல் முழங்காலை மடக்கி உதையுங்கள். வீட்டில் ஒருவரைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். நான்கு நாட்களும் பயிற்சியாளர் உங்களைப் படம் பிடித்து மாலையில் போட்டுக் காட்டுவார் என்பதால், அந்தக் கூச்சத்தையும் இப்போதே தீர்த்துக்கொள்வது நல்லது.

கூடுதுறை (பவானி):

பீளமேட்டுக்காரர் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன்; ஆனால் காகிதத்தில் பழகக்கூடியதை அவர் விட்டுவிட்டார். எவ்வளவு ஆழம் போனாலும் சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மீதமிருக்கும்போது மேலேறினால் போதும் என்ற வழக்கத்தை இந்தப் பயிற்சி ஏற்பதில்லை. 24 மீட்டரில் தோழருக்குக் காற்று தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் நிமிடத்துக்குத் தலா 20 லிட்டர் காற்று. சராசரி ஆழம் 12 மீட்டர் என்றால் அழுத்தம் 2.2 பார், சிக்கலைச் சமாளிக்க ஒரு நிமிடம், நிமிடத்துக்கு 3 மீட்டர் வீதம் ஏற எட்டு நிமிடம். பெருக்கினால் (40 × 2.2 × 9) 792 லிட்டர். அந்தமானில் வழக்கமாகத் தரும் 11.1 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் அது 71 பாருக்குச் சற்று மேல். இதை வெவ்வேறு ஆழங்களுக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், பகல் முழுவதும் நீரில் களைத்த பிறகு மாலை வகுப்பில் கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

நொய்யல்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. கிணற்று யோசனையைக் கைவிட்டேன். பேக்பிளேட்டும் (சிலிண்டரைத் தாங்கும் முதுகுத் தகடு) விங்கும் (மிதவைக் காற்றுப்பை) சொந்தமாக வாங்கிவிடலாமா? வாருக்குத் திருப்பூரில் நாடாவுக்கா பஞ்சம்?

ஆழியாறு (பொள்ளாச்சி):

அண்ணா, பனியன் கம்பெனிக்குப் போகும் எலாஸ்டிக் நாடாவை மட்டும் தொட்டுவிடாதீர்கள். இரண்டு அங்குல அகலத்தில் வளையாமல் விறைப்பாக நிற்கும் நைலான் வார் வேண்டும். அதுவும் இடையில் கிளிப் இல்லாமல் ஒரே துண்டாக. பயிற்சியாளரிடம் இரவல் செட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். முதல் நாளின் கணிசமான நேரம் வாரின் நீளத்தைச் சரிசெய்வதிலேயே போகும்; அவர் கையால் அளவு வைத்தபின் வாங்குவதே சிக்கனம் என்பது என் எண்ணம். பிளவுபட்ட ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) இருந்தால் அதை விட்டுவிட்டுப் போங்கள். பின்னோக்கி உதைக்க அது ஒத்துவராது.

ஈயத்தைப் பற்றி ஒரு சொல். குளத்தில் சரியாக இருந்த எடை கடலில் போதாது, ஏனெனில் உப்புநீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை சதவீதம் அடர்த்தியானது. கருவிகளோடு நூறு கிலோ உள்ளவருக்கு இரண்டரை கிலோ வரை வேறுபடும். நிறைந்த அலுமினியச் சிலிண்டர் காலியாகும்போது இரண்டு கிலோவுக்கு மேல் இலேசாகிவிடும் என்பதால், கடலில் 50 பார் மீதமிருக்கும்போது 3 மீட்டரில் நின்று பார்த்து எடையை முடிவுசெய்யுங்கள். எஃகு பேக்பிளேட்டே சில கிலோ இருக்கும், அதையும் கழித்துவிடுங்கள்.

டைவ் முடிந்தவுடன் உயரமான இடத்துக்குப் போவது ஆபத்து என்பதால், திரும்பும்போது கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விட்டு டிக்கெட் எடுங்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால், இறங்கிய கையோடு மேட்டுப்பாளையம் வழியாக மலையேறும் திட்டம் ஏதேனும் இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள்.