ஆப்ட்டிலேயே ஓட்டை என்றால், ஆப்ட்டை வைத்து எப்படி அப்டேட் செய்வது? (டெபியன் 9, உபுண்டு 16.04)

புதுநிர்வாகி | 23 ஜனவரி 2019

வணக்கம். ஆப்ட் (டெபியன், உபுண்டு லினக்ஸில் மென்பொருள் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவி) பற்றி நேற்று வந்த பாதுகாப்பு எச்சரிக்கையைப் படித்தேன் (ஓட்டையின் பதிவு எண் சிவிஇ-2019-3462). டெபியன் 9 சர்வர் ஒன்றும் உபுண்டு 16.04 ஒன்றும் என் பொறுப்பில் இருக்கின்றன. வழக்கம்போல அப்டேட், அப்கிரேட் போட்டால் போதும் என்கிறார்கள். ஆனால் பேக்கேஜை இறக்குகிற ஆப்ட்டிலேயே ஓட்டை இருக்கும்போது, திருத்தத்தையும் அதே வழியில் இறக்கலாமா? பேக்கேஜ் பட்டியலுக்கு ஜிபிஜி கையொப்பம் (யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) இருக்கிறதே, அது காப்பாற்றாதா? டெபியன் சர்வர் ப்ராக்ஸி (இடைநிலை சர்வர்) வழியாகத்தான் வெளியே போகும்.

கருந்திரை

சரியான இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். இந்த முறை கையொப்பம் காப்பாற்றாது.

ஆப்ட் தானே நேரடியாக இணையத்தோடு பேசுவதில்லை. அந்த வேலையை ஒரு துணை ப்ராசஸிடம் கொடுக்கிறது. அது கோப்பை இறக்கி, "இறங்கிவிட்டது, ஹேஷ் இது" என்று வரிவரியாகச் சொல்லும். ஹேஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண். கையொப்பமிட்ட பட்டியலோடு ஆப்ட் ஒப்பிடுவது அது சொன்ன ஹேஷைத்தான். கோப்பைத் தானே மறுபடி கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

மிரர் (பேக்கேஜ்களின் நகலை வைத்திருக்கும் சர்வர்) "கோப்பு வேறு முகவரியில் இருக்கிறது" என்று ரீடைரக்ட் அனுப்பினால், துணை ப்ராசஸ் அந்த முகவரியை டீகோட் செய்து அப்படியே ஆப்ட்டுக்கு அனுப்பிவிடும். முகவரிக்குள் ஒரு வரிமுறிவை ஒளித்துவைத்தால், அதற்குப் பின் வருவதெல்லாம் துணை ப்ராசஸே சொன்னதாக ஆகிவிடும். பட்டியலில் உள்ள ஹேஷையே அங்கே எழுதிவிடலாம். அப்புறம் போலி பேக்கேஜின் ஸ்கிரிப்ட் ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு ஓடும்.

அதனால் இந்த அப்டேட்டுக்கு மட்டும் ரீடைரக்டை மூடிவிடுங்கள். ரூட்டாக, ஆங்கில எழுத்தில் தட்டவும்:

ஆப்ட் -ஓ அக்வயர்::ஹெச்டிடிபி::அலோரீடைரக்ட்=ஃபால்ஸ் அப்டேட்

அடுத்து அதே கமாண்டில் கடைசிச் சொல்லை மட்டும் அப்கிரேட் என்று மாற்றுங்கள். இரண்டிலும் அந்த ஆப்ஷன் இருக்க வேண்டும். பலர் முதல் கமாண்டில் போட்டுவிட்டு இரண்டாவதில் விட்டுவிடுகிறார்கள். பேக்கேஜ் இறங்குவதே இரண்டாவதில்தான்.

மலைத்தேன்

மிரர் முகவரியை ஹெச்டிடிபிஎஸ் (மறையாக்கிய இணைப்பு) ஆக்கினால் போதாதா?

கருந்திரை

நடுவழியில் குறுக்கிடுபவரை அது தடுக்கும், செய்துவைப்பது நல்லதுதான். ஆனால் மிரரே கெட்டவர் கையில் இருந்தால் ஹெச்டிடிபிஎஸ் ஒன்றும் செய்யாது. டெபியன் 9-இல் அதற்கு ஆப்ட்-டிரான்ஸ்போர்ட்-ஹெச்டிடிபிஎஸ் என்ற தனி பேக்கேஜும் வேண்டும். அதையும் இதே ஓட்டை ஆப்ட்தான் இறக்க வேண்டும். முதலில் திருத்தம்.

புதுநிர்வாகி

உபுண்டுவில் முதலில் "லாக் எடுக்க முடியவில்லை" என்று வந்தது. பார்த்தால் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. லாக் கோப்பை (ஒரே நேரத்தில் இரண்டு அப்டேட் ஓடாமல் தடுப்பது) அழித்துவிடு என்று ஒருவர் சொன்னார். அழிக்கவில்லை, காத்திருந்து போட்டேன். இப்போது ஆப்ட் பதிப்பு 1.2.29உபுண்டு0.1 என்று காட்டுகிறது.

டெபியனில்தான் சிக்கல். செக்யூரிட்டி ரெப்போ (பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் களஞ்சியம்) மட்டும் 302 (ரீடைரக்ட்) பிழை தருகிறது. ஒரே ஒரு முறை ரீடைரக்டைத் திறந்துவிட்டுப் போடலாமா?

கருந்திரை

லாக்கை அழிக்காதது நல்லது. பாதி நிறுவலில் டிபிகேஜி (பேக்கேஜை நிறுவும் அடிப்படைக் கருவி) டேட்டாபேஸ் குலைந்தால் மீட்பது பெரும்பாடு. உபுண்டு 16.04-க்கு அதுதான் திருத்தப்பட்ட பதிப்பு.

ரீடைரக்டைத் திறக்கவே வேண்டாம். அந்த ஒரே முறைதான் ஆபத்தான முறை. ப்ராக்ஸிக்குப் பின்னால் இப்படி நடக்கலாம் என்று டெபியன் அறிவிப்பிலேயே (டிஎஸ்ஏ-4371) சொல்லி, மாற்று முகவரியும் கொடுத்திருக்கிறார்கள். சோர்சஸ் லிஸ்ட்டில் (மிரர் முகவரிகள் இருக்கும் கோப்பு) செக்யூரிட்டி வரியின் முகவரியை சிடிஎன்-ஃபாஸ்ட்லி.டெப்.டெபியன்.ஆர்க்/டெபியன்-செக்யூரிட்டி என்று மாற்றிவிட்டு, அதே இரண்டு கமாண்ட்களையும் ஓட்டுங்கள்.

அதுவும் நடக்காவிட்டால் கையால்தான் செய்ய வேண்டும். அந்த அறிவிப்பில் ஒவ்வொரு கோப்பின் முகவரியும் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் மதிப்பும் இருக்கின்றன. உங்கள் ஆர்க்கிடெக்சருக்கு (ப்ராசஸர் வகை) உரியவற்றை டபிள்யூகெட் கமாண்டில் இறக்கி, ஹேஷைக் கணக்கிடும் எஸ்ஹெச்ஏ256சம் ஓட்டி, முழு மதிப்பையும் ஒப்பிடுங்கள். முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் பார்த்துவிட்டு விடாதீர்கள். பொருந்தினால் எல்லாவற்றையும் ஒரே டிபிகேஜி -ஐ கமாண்டில் கொடுங்கள். தனித்தனியாகப் போட்டால் ஒன்றுக்கொன்று சார்பு என்று முரண்டு பிடிக்கும்.

புதுநிர்வாகி

முகவரியை மாற்றியதும் இறங்கிவிட்டது. டிபிகேஜி -எல் ஆப்ட் போட்டேன், 1.4.9 காட்டுகிறது. மிக்க நன்றி. டாக்கர் இமேஜ்களும் (மென்பொருளை ஓட்ட முன்பே தயாரித்து வைத்த சிஸ்டம் அச்சுகள்) சில இருக்கின்றன, அவற்றுக்கும் இந்த ஓட்டை உண்டா?

மலைத்தேன்

உண்டு. சர்வரில் ஆப்ட்டைத் திருத்தினாலும், இமேஜுக்குள் இருப்பது பழைய ஆப்ட்தான். பில்ட் செய்யும்போது ஓடுவதும் அதுவே. புதிய பேஸ் இமேஜை இழுத்து, கேஷ் இல்லாமல் மறுபடி பில்ட் செய்யுங்கள். புதிதாக டெபியன் நிறுவுவதாக இருந்தால், கையிலிருக்கும் பழைய ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) வேண்டாம். இதற்காகவே இன்று 9.7 வெளியிட்டிருக்கிறார்கள், திருத்திய ஆப்ட் அதிலேயே இருக்கிறது.