மாமன்ற அஜெண்டாவில் எதைப் பார்க்க வேண்டும்? தீர்மானம், ஊராட்சி இணைப்பு, நிதி: அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கேலரி சீட்

மாநகராட்சிக் கூட்டம் பார்க்க வருகிறவர்கள் நேரமில்லா நேரத்தில் (அஜெண்டாவில் இல்லாததையும் பேசும் ஜீரோ அவர்) நடக்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "எங்க வார்டு ரோட்டைப் பத்திப் பேசிட்டாங்க" என்று கிளம்பிவிடுகிறார்கள். பேசியது பேச்சோடு சரி. அஜெண்டாவில் பொருள் எண் போட்டு அச்சானதுதான் தீர்மானமாகும்.

ஒவ்வொரு பொருளிலும் கடைசி வரியை முதலில் படியுங்கள். "மன்றத்தின் அனுமதிக்கு" என்று முடிந்தால் விஷயம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை, எதிர்க்கலாம், திருத்தம் கேட்கலாம். "மேயரின் முன் அனுமதி பெறப்பட்டது, மன்றத்தின் பின்னேற்புக்கு" என்றால் பெரும்பாலும் பணி உத்தரவே போயிருக்கும். "பார்வைக்கும் பதிவிற்கும்" என்றால் வெறும் தகவல். அவசரம் என்று முன் அனுமதி வாங்கிய வேலையில், அனுமதி தேதியையும் கூட்டத் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு சாதாரணக் கூட்டம் நடந்திருந்தால் அந்த அவசரம் எப்படிப்பட்டது என்று கவுன்சிலர் கேட்கலாம். கேட்கிறவர்கள் குறைவு.

அஜெண்டா தடிமனாக இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியதும் மிச்சப் பொருள்கள் மொத்தமாக நிறைவேறும். ஒன்றை நிறுத்த வேண்டுமென்றால் அதற்கு முன்பே பொருள் எண்ணைச் சொல்லி ஒத்திவைப்பு கேட்கவேண்டும். பிறகு எழுந்து நின்று கத்தினால் நடவடிக்கைக் குறிப்பில் ஏறாது.

எஸ்டிமேட்

மேலே சொன்னது சரி. தீர்மானம் நிறைவேறியதும் ரோடு வந்துவிட்டது என்று நினைப்பதும் தப்பு. மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்), பணி உத்தரவு என்று இன்னும் படிகள் இருக்கின்றன. டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகளின்படி 2 கோடி வரையான வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி போடக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தரவேண்டும். அவகாசத்தைக் குறைத்திருந்தால் அதற்கான காரணம் கோப்பில் எழுத்தில் இருக்கவேண்டும். விலை பேசுவதும் மிகக் குறைந்த விலை கேட்டவரிடம் மட்டும்தான்.

ரொம்ப இடத்தில் வேலை நிற்பது "ஒப்பந்தப்புள்ளி வரப்பெறவில்லை" என்ற வரியில். ரேட் பத்தவில்லை என்பது பாதிக் காரணம். மீதி, பழைய பில் பாக்கி. பொது நிதியில் (மாநகராட்சியின் சொந்தப் பணம்) காசு இல்லாத மாநகராட்சியில் பொது நிதி வேலைக்கு ஒப்பந்தக்காரர் வரமாட்டார். அரசுத் திட்ட நிதி என்றால் வருவார். ஆகவே தீர்மானத்தில் "நிதி ஆதாரம்" என்ற வரி காலியாகவோ "பொது நிதி" என்றோ இருந்தால் அந்த ரோட்டுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

தார் ரோடு மதிப்பீட்டில் பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுக்கும் "மில்லிங்" தனி ஐட்டமாக இருக்கிறதா, எத்தனை சதுர மீட்டர் என்று பாருங்கள். சுரண்டாமல் மேலேயே போட்டால் ரோடு வாசற்படிக்கு மேலே ஏறி, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும். மதிப்பீட்டில் இருந்தும் களத்தில் செய்யாமல் விட்டால் எம்-புக்கில் (வேலையை அளந்து எழுதும் புத்தகம்) அதற்கு அளவு எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், வீட்டு இணைப்பு, பள்ளத்தை மூடி இறுக்குவது எல்லாம் முடிந்த பிறகுதான் தார். இந்த வரிசை மாறுவதற்கு முக்கியக் காரணம், குழாய் வேலைக்கான நிதியும் ரோட்டுக்கான நிதியும் வெவ்வேறு நேரத்தில் வருவது.

வரவு செலவு

நிதி ஆதாரம் என்றதும் சொல்கிறேன். மத்திய அரசின் 15-வது நிதிக்குழு மானியம் வந்திருக்கே, அதில் ரோடு போடக்கூடாதா என்று கவுன்சிலர்கள் கேட்பது வழக்கம். 2021-26 காலத்துக்கு, 10 லட்சம் மக்கள்தொகைக்குக் கீழான நகரங்களுக்கு வந்த மானியத்தில் 60 சதவீதம் நிபந்தனை நிதி: பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, பாதி கழிவுநீர், குப்பை. அதில் ரோடு போட்டால் தணிக்கைத் தடை வரும். மிச்சம் 40-ல்தான் கை வைக்கலாம்.

2022-ல் சொத்து வரி ஏறியதும் இதோடு சேர்ந்த கதைதான். வரிக்குக் குறைந்தபட்ச அளவு அறிவிக்கவேண்டும், வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக ஏறவேண்டும் என்பது அந்த மானியத்தின் நிபந்தனை. மன்றத்தில் எதிர்ப்புக் குரல் எவ்வளவு எழுந்தாலும் தீர்மானம் நிறைவேறியதற்கு அதுவும் காரணம். வரியைக் கட்டுபவர்களுக்கு ஒன்று: அரையாண்டின் முதல் மாதமான ஏப்ரல், அக்டோபரில் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய்.

தெருவுக்குச் சின்ன வேலை வேண்டுமென்றால் நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்டவேண்டும், நீர்நிலை சீரமைப்பு என்றால் பாதி.

எல்லைக்கல்

எங்கள் பக்கம் பேச்செல்லாம் இணைப்பைப் பற்றித்தான், அதனால் கொஞ்சம் நீளமாக.

2025 ஜனவரி தொடக்கத்தில் ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் அறிவிப்புகள் வந்தன. அதே ஜனவரி 5-ம் தேதி 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. தலைவர் இல்லாத நிலையில் எதிர்ப்பைப் பதிய இருந்த வழி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு.

கிராம சபைத் தீர்மானம் மட்டும் இணைப்பை நிறுத்தாது. அரசிதழில் வந்த முதல் அறிவிக்கைக்கு, அதில் சொன்ன கெடுவுக்குள், சர்வே எண்ணோடு எழுத்தில் ஆட்சேபணை போகவேண்டும். கெடு அரசிதழ்த் தேதியிலிருந்து ஓடும், பேப்பரில் செய்தி வந்த நாளிலிருந்து அல்ல. "எங்கள் ஊரை இணைக்காதே" என்று ஒரே கடிதத்தை நகல் எடுத்து ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டு அனுப்புவதைவிட, விவசாய நிலம் எத்தனை ஏக்கர், ஊரக வேலை அட்டை வைத்திருப்பவர் எத்தனை பேர், நகர எல்லையிலிருந்து குடியிருப்பு எவ்வளவு தூரம் என்று எழுதிய நாலு பக்கத்துக்கு மதிப்பு அதிகம். அப்படி எழுதியதற்குப் பதில் சொல்லாமல் ஒதுக்கினால் நீதிமன்றத்தில் பேச இடமிருக்கும்.

இணைந்த பிறகு என்ன மாறும்? ஊரக வேலைத் திட்டம் நகர எல்லைக்குள் கிடையாது. காலியிட வரி, குடிநீர்க் கட்டணம், குப்பைக் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம் எல்லாம் வரும். வரி ஒரே நாளில் நகர அளவுக்கு ஏறிவிடும் என்பது மட்டும் எல்லா இடத்திலும் நடக்கவில்லை. சென்னையை எடுங்கள். 2011-ல் 42 உள்ளாட்சிகள் சேர்ந்து, 174 சதுர கி.மீ. 426 ஆனது, 155 வார்டு 200 ஆனது. 2022 வரி உயர்வில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்குப் பழைய நகரத்தில் 50 சதவீதம், இணைந்த பகுதியில் 25 சதவீதம் என்றுதான் போட்டார்கள். வசதிகளும் அதே மெதுவான வேகத்தில்தான் வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பலர் கோட்டை விடுவது ஆவணத்தில். ஊராட்சி அலுவலகம் மூடுவதற்குள் வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி, குடிநீர் இணைப்பு உத்தரவு நகல் வாங்கி வையுங்கள். பிறகு பதிவேடுகள் மூட்டை கட்டி மண்டல அலுவலகத்துக்குப் போனால் தேடி எடுப்பது பெரும்பாடு. லேஅவுட்டில் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தின் தானப்பத்திரம் ஊராட்சி பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரம் பதியாத இடத்தை மாநகராட்சி வேலி போட்டுக் காக்காது. மனை வாங்குகிறவர்களுக்கு: ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட லேஅவுட் அனுமதி அனுமதியே அல்ல. அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்தில் பார்த்தது 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனையா என்பதைத்தான்.

கேலரி சீட்

@எல்லைக்கல், கிராம சபை போனால் பகுதி சபா (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) வருகிறது. 2022 விதிகளின்படி வார்டு குழு, அதற்குக் கீழே பகுதி சபாக்கள். ஆனால் கூட்டம் நடந்ததற்குப் போட்டோ இருக்கும், தீர்மானப் புத்தகம் இருக்காது.

எஸ்டிமேட்

தகவல் உரிமையில் கேட்பவர்களுக்கு: "எங்கள் தெரு வேலை ஏன் நடக்கவில்லை" என்று எழுதினால் பதில் வராது, அது கேள்வி, ஆவணம் இல்லை. தீர்மான எண், தேதி போட்டு மதிப்பீடு, பணி உத்தரவு, எம்-புக் பக்கங்களின் நகல் என்று கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.