தாய்ப்பாலை ஐஸ் பெட்டியில் கொண்டுவரும் அம்மாமாரே, ஒரு உதவி
மகளுக்கு ஏழு மாதம். 84 நாள் பிரசவ லீவு எப்போதோ முடிந்து, சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் டவுனுக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். பகலில் அம்மம்மாதான் பார்க்கிறா.

கந்தோரில் எடுக்கும் பால்தான் பிரச்சினை. வெளியே நான்கு மணித்தியாலம் வைக்கலாமாம், அதுவும் 25 பாகைக்குள். சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் 25 பாகை எங்கே! கந்தோரில் பிரிட்ஜும் இல்லை. ஐஸ் பெட்டியில் கொண்டுவருகிறவர்கள் எத்தனை ஐஸ் பை வைக்கிறீர்கள்? பின்னேரம் வரை குளிர் நிற்குமா?

இன்னொன்று. முதல் பல் முளைத்துப் பல்லுக் கொழுக்கட்டை கொட்டிய நாளிலிருந்து போத்திலைக் கண்டாலே வாயை மூடுகிறாள். கரண்டியால் கொடுத்தால் பாதி சட்டையில். கோப்பையில் பழக்கியவர்கள் எப்படி என்று சொல்லுங்கோ. பால்மா தொடங்கச் சொல்லாதேங்கோ, அதை வீட்டில் ஏற்கனவே ஆறு பேர் சொல்லியாயிற்று.