நாலடித் தொட்டியில் திருக்கை வளருமா?

தாம்பரம்_ஆஸ்கர்:
கொளத்தூரில் ஒரு கடையில் மோட்டோரோ என்கிற நன்னீர்த் திருக்கையின் குட்டியைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போச்சு. காபி டம்ளரின் டபரா அகலம்தான் இருக்கும். கடைக்காரர், "இது டீகப் ரே சார், பெருசா வளராது, நாலடித் தொட்டியே போதும்" என்கிறார். என்னிடம் 4 x 1.5 x 1.5 அடித் தொட்டியும் தொட்டிக்கு வெளியே வைக்கிற டப்பா மாதிரியான ஒரு கேனிஸ்டர் ஃபில்டரும் சும்மா கிடக்கின்றன. ஆஸ்கர் மீன் மூன்று வருஷம் வளர்த்திருக்கிறேன். புதிதாகத்தான் வாங்க வேண்டுமென்றால் 5 x 2 x 2.5 என்று கொஞ்சம் உயரமாக வாங்கலாமா? வீடு இரண்டாம் மாடி, போர் தண்ணீர்.

சம்ப்_பித்தன்:
தம்பி, டீகப் என்று ஓர் இனமே கிடையாது, எந்தக் குட்டியையும் அப்படிச் சொல்லி விற்பார்கள். மோட்டோரோவின் தட்டு மாதிரியான உடம்பு, வாலை விட்டுவிட்டு, தொட்டியிலேயே 45-50 செ.மீ. வரும், பெண் என்றால் இன்னும் பெரிது. உங்கள் தொட்டியின் அகலமே 45 செ.மீ. அது எப்படித் திரும்பும்?

உயரத்துக்குக் காசு போடாதீர்கள். அது தரையில் கிடக்கிற மீன், தண்ணீர் 2 அடி இருந்தால் தாராளம். 6 x 3 x 2 என்றால் சுமார் 1000 லிட்டர், அதில் சில வருஷம் ஓட்டலாம். கடைசி வரைக்கும் என்றால் 8 x 4. மூன்றடிக்குக் குறைந்த அகலத்தை யோசிக்கவே வேண்டாம்.

ஃபில்டருக்கு சம்ப்தான், அதாவது தொட்டிக்குக் கீழே அறை அறையாகப் பிரித்து வைக்கிற வடிகட்டித் தொட்டி, கேனிஸ்டரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருக்கை தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். மணிக்கு ஆறேழு முறை தண்ணீர் சுற்ற வேண்டும், அதாவது 6000-7000 லிட்டர். ஆனால் பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், சம்பிலிருந்து நாலடி ஏற்றும்போது அதில் நல்ல பங்கு போய்விடும். சம்பின் முதல் அறையில் ஃபில்டர் சாக்ஸ் என்கிற துணிப்பை, அதை இரண்டு நாளுக்கு ஒருமுறை கழற்றி அலசுங்கள். நான் ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன், இறால் துணுக்கெல்லாம் கூழாகி நாறிவிட்டது. வாரத்துக்கு 40 சதவீதம் தண்ணீர் மாற்றுவது இதற்கெல்லாம் மேல்.

மொட்டைமாடி_மீன்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் தொட்டி, சம்ப் எல்லாம் சரியாக வைத்தும் நான் ஒன்றைச் சாகடித்தேன். புதுத் தொட்டி, பத்து நாள் ஓடவிட்டேன், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, குட்டியை விட்டுவிட்டேன். நாலாம் நாள் அதன் விளிம்பு அப்பளம் பொரிகிற மாதிரி மேலே சுருள ஆரம்பித்தது. அப்போதுதான் தண்ணீரை டெஸ்ட் பண்ணினேன், மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியா 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்). இரண்டு நாளில் குட்டி செத்துவிட்டது. ஃபில்டரில் இந்த விஷத்தை முறிக்கிற பாக்டீரியா பிடிக்க நாலைந்து வாரமாவது ஆகும். அம்மோனியாவும், அதிலிருந்து உண்டாகிற நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டாமல் மீன் வாங்கப் போகாதீர்கள். ஆஸ்கர் தாங்கியதை இது தாங்காது.

போர் தண்ணீரின் பிஎச் பாருங்கள். எங்கள் பக்கம் 8. 7-இல் இருப்பதைவிட 8-இல் அம்மோனியாவின் விஷப் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு. அப்புறம் ஹீட்டர் போட்டால் கூண்டு போடுங்கள், அதன்மேல் படுத்து வயிற்றைச் சுட்டுக்கொள்ளும்.

ஒரு_வாளி_தண்ணி:
1000 லிட்டர் என்றால் தண்ணீரே ஒரு டன். கண்ணாடி, சம்ப், ஸ்டாண்ட் தனி. இரண்டாம் மாடி என்கிறீர்கள், இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு வாங்குங்கள், கொத்தனார் சொல்வதை வைத்து முடிவு பண்ண வேண்டாம். கரண்ட் போனால் பம்ப் ஓட இன்வெர்ட்டர் வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள்.

வாலில் முள் இருக்கிறது, விஷமும் உண்டு. குத்தினால் பொறுக்கிற சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் காலையோ கையையோ வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தொட்டிக்குள் கை விடும்போது மீன் எங்கே கிடக்கிறது என்று முதலில் பாருங்கள், மண்ணுக்குள் புதைந்தால் தெரியாது.

தாம்பரம்_ஆஸ்கர்:
எல்லாருக்கும் நன்றி. ஹாலில் தினத்தாளை 6 x 3-க்கு ஒட்டி விரித்துப் பார்த்தேன், சோபாவை வெளியே எடுத்தால்தான் ஆகும். தொட்டியும் மாடிப்படி வளைவில் திரும்பாது, வீட்டிலேயே ஒட்டித் தருகிற ஆளைத்தான் தேட வேண்டும். இன்ஜினியர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அவர் சரி என்றால் முதலில் சம்பை ஓடவிடுகிறேன், அந்தக் குட்டியை வேறு யாராவது கொண்டு போனால் போகட்டும். அம்மா சோபாவுக்குச் சம்மதித்துவிட்டார். முள் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.